மாப்புக் கேட்கப் பெயர் கேட்டவர்

தகவல் அலுவலர் என்ற கதிரையில் ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. என்னையும் உட்கார வைத்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிதில், ஒவ்வொரு அலுவலகத்திலும் இதற்கென்று ஓர் ஆள் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அன்றைய கூட்டத்துக்கு நான் சற்றுப் பிந்திப் போனேன். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரை என்னை விடவே இல்லை.

புத்தளத்தில் எங்கள் அலுவலகம் நுகர்வோர் முறைப்பாடுகளைப் பார்க்கிற இடம். நிறை குறைந்த அரிசி, திகதி முடிந்த பால்மா, திருத்தித் தராத மின்விசிறி என்று வருவார்கள். நின்ற நிலையில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள். “இதைக் குடித்தால் நோய் தீரும்” என்று எழுதி விற்கிற பொருள்களைப் பற்றி முறையிட வருகிறவர்கள் அப்படியில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அரிசியில் ஏமாந்தால் கடைக்காரன்மேல் கோபம் வருகிறது. மருந்தில் ஏமாந்தால் தன்மேலேயே வெட்கம் வருகிறது. அதனால் அந்த முறைப்பாடுகளை எழுதிக்கொள்ளும்போதே, உங்கள் பெயர் இந்த அறையைத் தாண்டாது என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

அப்படி நாங்கள் சொல்லிவைத்த சொல்லும், தகவலைக் கொடு என்கிற சட்டமும் ஒரே மேசையில் சந்திக்கும் நாட்கள் வரும். அந்தக் கதிரைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, அந்த நாட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விண்ணப்பம் வந்தால் எத்தனை நாளில் பதில், எந்தப் படிவம் என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். பிள்ளைகள் உயரமாக வளருவார்கள் என்று விளம்பரம் செய்த சத்துமா ஒன்றைப் பற்றி எத்தனை முறைப்பாடு வந்தது, என்ன செய்தீர்கள் என்று கேட்டு ஓர் இளைஞர் விண்ணப்பம் கொண்டுவந்தார். கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து, கையில் தோல்பை. தான் ஒரு மாணவன் என்றார். எங்கள் பிரதான லிகிதருக்கு, அதாவது தலைமை எழுத்தருக்கு, மூக்கில் வேர்த்துவிட்டது.

“மிஸ், இவன் மாணவனும் இல்ல, மண்ணும் இல்ல. மத்தக் கம்பனிட ஆள். ஏன் கேக்கிறான் எண்டு புடிச்சு விசாரிங்க.”

நான் விசாரிக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. அவர் போட்டிக் கம்பனியின் ஆளாகவே இருந்திருக்கலாம். அதனால் என்ன? முறைப்பாடுகளின் எண்ணிக்கையும் எங்கள் நடவடிக்கையும் ஊருக்குச் சொந்தமான தகவல். கேட்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்துக் கொடுக்கத் தொடங்கினால் அது தகவல் இல்லை, தயவு. கொடுத்து அனுப்பினேன். பிரதான லிகிதர் அன்று பின்னேரம்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கெட்டவராக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவருக்குக் கொடுப்பது எனக்குச் சுலபமாகவே இருந்தது. நல்லவர் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தபோதுதான் இந்த வேலை என்னவென்று தெரிந்தது.

அவரை ரஷீது நானா என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரல்ல. முறைப்பாடு செய்த பெண்ணின் ஊரை மாம்புரி என்று வைத்துக்கொள்வோம். அது மாம்புரியும் அல்ல. அவள் கணவரின் தொழிலையும் மாற்றித்தான் சொல்லப் போகிறேன். ஏன் இந்த மூடுமந்திரம் என்று கேட்காதீர்கள். இத்தனை காலம் கழித்தும் நான் மூடித்தான் வைக்கிறேன் என்பதே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது.

ரஷீது நானா தேன் வியாபாரி. வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் காட்டுத் தேனில் கருஞ்சீரகமும் வேறு சிலதும் கலந்து போத்தலில் அடைத்து விற்பார். கற்பிட்டியிலிருந்து சிலாபம்வரை கடைகளில் அவருடைய போத்தல் இருந்தது. ஆள் நேர்மையானவர். நிறுவையில் ஒரு குறை சொல்ல முடியாது. தொண்ணூறில் எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடையோடு வந்து இங்கே இறங்கியபோது, அகதி முகாமுக்குச் சோறு சமைத்து அனுப்பிய வீடுகளில் அவருடைய வாப்பாவின் வீடும் ஒன்று. அந்தச் சோற்றை நான் சாப்பிட்டிருக்கிறேன். இதையும் சேர்த்துத்தான் நீங்கள் மற்றதைக் கேட்க வேண்டும்.

முந்தல் ஊரில் ஒரு கடையில் எங்கள் பரிசோதகர்கள் அவருடைய போத்தல் சிலவற்றைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். ஏன் என்று கேட்ட கடைக்காரரிடம், முறைப்பாடு வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மறுவாரமே ரஷீது நானா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் தகவல் கேட்கும் விண்ணப்பம். மறு கையில் எனக்கென்று ஒரு போத்தல் தேன்.

போத்தலை அவர் பக்கமாகவே தள்ளி வைத்துவிட்டு விண்ணப்பத்தைப் படித்தேன். தன்னுடைய உற்பத்தியைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களின் பெயரும் முகவரியும் வேண்டும் என்று எழுதியிருந்தார். காரணம் எழுதத் தேவையில்லை. அவர் எழுதியிருந்தார். ‘மாப்புக் கேட்பதற்கு.’

“இந்த முறை ஹஜ்ஜுக்கு எனக்குப் பேர் வந்திருக்கு மிஸ். ஊருல ஒவ்வொரு வீடாப் போய் எல்லார்ட்டயும் மாப்புக் கேட்டுக்கொண்டு வாறன். என்ட போத்தலால ஆரோ மனம் நொந்து உங்கட்ட வந்து சொல்லியிருக்காங்க. ஆரெண்டு தெரியாம நான் எங்க போய் மாப்புக் கேக்கிற?”

“பேர் தர ஏலாது நானா.”

“சண்டை புடிக்கவா கேக்கிறன்? கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கத்தானே கேக்கிறன்.”

“ஓம், விளங்குது. ஆனா தர ஏலாது.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மிஸ் என்பதை விட்டுவிட்டுப் பேசினார்.

“தங்கச்சி, அல்லாஹ்வுக்கு நான் செஞ்ச பிழைய அவன்ட்ட அழுது கேட்டா அவன் மன்னிப்பான். மனிசர்ட ஹக்கு அப்பிடி இல்லயே. அந்த மனிசர் வாயால மாப்புத் தரணும். இது உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். நானும் தொழுகிற பெண்தான். ஒருவருடைய உரிமையில் பிழை செய்துவிட்டு அவரிடம் மாப்பு வாங்காமல் மக்காவுக்குப் போவது எவ்வளவு பாரம் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வந்த ஒரு மனிதரின் வழியில் நான் குறுக்கே நிற்கிறேனோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டு, சட்டப்படி பதில் வரும் என்று சொல்லி அனுப்பினேன். போத்தலை அவர் மறந்ததுபோல் விட்டுப் போகப் பார்த்தார். வாசல்வரை கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

என்னோடு அப்போது புதிதாக நியமனம் பெற்ற ஓர் உத்தியோகத்தர் வேலை செய்தார். இன்று அவர் உங்களில் சிலருக்கு மேலதிகாரி. ஆகவே தம்பி என்று மட்டும் சொல்கிறேன். தம்பிக்கு என்மேல் சரியான மனவருத்தம்.

“மிஸ், ஒரு ஹாஜிக்கு உதவி செஞ்ச நன்மை எங்களுக்கும் கிடைக்குமே. பேரைச் சொன்னா என்ன, அவர் போய் ஸலாம் சொல்லி மாப்புக் கேட்டுட்டு வரப்போறாரு.”

“நன்மை உங்கட கணக்குல எழுதுவாங்க. ஏச்சு ஆர்ட தலையில விழும்?” என்று கேட்டேன்.

முறைப்பாட்டுக்காரியைத் தம்பி கண்டதில்லை. நான் கண்டிருந்தேன்.

அரச அலுவலகங்கள் ஊருக்கே வந்து அலுவல் பார்க்கும் நடமாடும் சேவை ஒன்றில், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்கு வரிசையில் நின்ற பெண் அவள். எங்கள் மேசையில் ஆளில்லை என்று கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணவர் கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரர். பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கிளினிக் மருந்தை ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருந்தவர், ரஷீது நானாவின் போத்தலில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது காலில் ஒரு புண். ஆறுவதாக இல்லை. கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சண்டையும் பிடித்தாள். “ரஷீது நானாவ விட உனக்குத் தெரியுமா?” என்பதுதான் அவருடைய ஒரே பதில். ரஷீது நானா வியாபாரத்துக்கு அந்த ஊருக்கு வருகிற நாட்களில் இருவரும் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழுகிற சினேகிதர்கள்.

“நான் வந்து சொன்னது மனிசனுக்குத் தெரிஞ்சா, வெக்கத்துல அவர் கடைசி வரைக்கும் கிளினிக் வாசல் மிதிக்க மாட்டார் மிஸ். ரோசக்காரர். கால் போனாலும் போகட்டும் எண்டு இருந்திருவாரு” என்றாள்.

அவள் என்னிடம் தன்னைப் பற்றிப் பயப்படவில்லை. அந்தக் காலைப் பற்றித்தான் பயந்தாள். பெயர் வெளியே போகாது என்று அன்று அவளுக்குச் சொன்னது நான்தான். இப்போது ரஷீது நானா, எவ்வளவு நல்ல மனதோடு என்றாலும், அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்று, “தங்கச்சி, மாப்புத் தாங்க” என்று கேட்டால், பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிற கணவர் எதற்கு என்று கேட்பாரா மாட்டாரா?

ஆனால் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம்பிக்கையின் பேரில் ஒருவர் தந்த தகவலை இன்னொருவர் கேட்டால், தந்தவரிடமும் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவருடைய எண்ணம் என்ன என்று நாமே முடிவு கட்டக்கூடாது. தம்பி அதை நன்றாகப் படித்து வைத்திருந்தார். அன்றே அந்தப் பெண்ணுக்குக் கடிதம் தட்டச்சுச் செய்து, அரச கடமை என்று அச்சடித்த உறையில் போட்டு, முகவரி எழுதி, தபாலுக்கு வைத்துவிட்டார். நான் வேறொரு வேலையாக தபால் தட்டைக் கடந்தபோது உறை கண்ணில் பட்டது.

அவளுடைய ஊரில் தபால்காரர் மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதில்லை. சந்திக் கடையில் எல்லாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போவார். சாமான் வாங்க வருகிறவர்கள் எடுத்துப் போவார்கள், அல்லது கடைக்காரர் ஆள் பார்த்து அனுப்புவார். ரஷீது நானாவின் போத்தல்கள் அந்தக் கடையின் முன்தட்டில்தான் அடுக்கியிருந்தன. நுகர்வோர் அலுவலகத்திலிருந்து ஒரு கரைவலைக்காரரின் மனைவிக்குக் கடிதம் வந்தால் அந்தக் கடையில் என்ன கதை நடக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். அவர் பக்கத்து ஊர்க்காரர். உறையைத் தானே எடுத்துக் கிழித்தார்.

சட்டம் கேள் என்று சொல்கிறது. எப்படிக் கேட்டால் ஆபத்தில்லை என்று அது சொல்வதில்லை. அதை ஊர் தெரிந்த நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் போத்தலைப் பற்றி முறையிட்ட இன்னும் சிலர் தொலைபேசி வைத்திருந்தார்கள். அவர்களிடம் பேசினேன், பெயர் கொடுக்க வேண்டாம் என்றார்கள், சரி. இவளிடம் தொலைபேசி இல்லை. வீட்டுக்குப் போனால் ஊரே பார்க்கும். யோசித்துவிட்டு, அந்தப் பக்கத்து வைத்தியசாலையில் சீனி வருத்தக் கிளினிக் நடக்கிற நாளில், பொருள்களின் லேபலை எப்படி வாசிப்பது என்று ஒரு விளக்கக் கூட்டம் வைக்க அனுமதி எடுத்தேன். நாடகம் இல்லை, உண்மையாகவே நடத்தினேன். காலாவதித் திகதி எங்கே இருக்கும், சுகப்படுத்தும் என்று எழுதியிருந்தால் ஏன் யோசிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் தூங்கினார்கள். பாதிப் பேர் நல்ல கேள்வி கேட்டார்கள்.

அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாள். கணவரின் கிளினிக் கொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள்.

“அவர் வாறதில்ல. மருந்த நான் வந்து எடுத்துட்டுப் போறன். கடலுக்குப் போயிருக்காரு எண்டு நர்ஸ் மிஸ்ட்ட சொல்ற.”

“குடிக்கிறாரா?”

“இல்ல. அலுமாரிக்குள்ள வெக்கிறன். எண்டைக்காவது கேப்பார்தானே.”

விஷயத்தைச் சொன்னேன். ரஷீது நானா மாப்புக் கேட்கப் பெயர் கேட்கிறார், தரலாமா என்று கேட்டேன். அவள் கொப்பியை விரித்து மறுபடியும் சுருட்டினாள்.

“மாப்ப நான் எப்பயோ குடுத்திட்டன் மிஸ். அவர் நல்ல மனிசன். எனக்கு அவர்ல ஒரு கோவமும் இல்ல. பேரைச் சொல்லிராதீங்க. அவர் எங்கட மனிசன்ட்ட ஒரே ஒரு சொல்லு, மருந்தக் குடி எண்டு சொன்னாப் போதும். அவர்ட சொல்ல மட்டும்தான் இவர் கேப்பாரு.”

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கேட்டீர்களா, அவளுக்கு வேண்டியதும் ரஷீது நானாவிடம்தான் இருந்தது. ரஷீது நானாவுக்கு வேண்டியதும் அவளிடம்தான் இருந்தது. நடுவில் நான் இருந்தேன், இரண்டு பக்கத்துக்கும் வாயைத் திறக்க முடியாமல். அவள் சொன்ன அந்த ஒரு வசனத்தை அவரிடம் கொண்டுபோனால், தன் சொல்லை மட்டும் கேட்கிற சினேகிதன் யார் என்று யோசிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அலுவலகத்தில் அடுத்த தலையிடி காத்திருந்தது. பெயர் தர முடியாது என்றாலும் முறைப்பாட்டின் சாரத்தைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். தன் பொருளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. தம்பி பதிலைத் தயாரித்து வைத்திருந்தார்.

“பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் எல்லாம் கறுப்பால அடிச்சிட்டன் மிஸ்.”

“மிச்சத்தை வாசிங்க.”

வாசித்தார். கரைவலையில் தொழில் செய்யும் கணவர், காலில் ஆறாத புண், மூன்றும் பெண்பிள்ளைகள், கடற்கரையோடு ஒட்டிய வீடு.

“உங்கட பக்கத்து ஊர்தானே. இப்பிடி எத்தனை பேர் இருக்காங்க அங்க?”

அவர் விரலை மடக்கத் தொடங்கினார். முதல் விரலோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஒருத்தர்தான் மிஸ்.”

கறுப்பு மை பெயரைத்தான் மறைக்கும். சின்ன ஊரில் ஒரு மனிதருக்குப் பெயர் தேவையே இல்லை. தொழில், புண், பிள்ளைகள் எல்லாவற்றையும் வெட்டினோம். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: போத்தலின் லேபலில் உள்ள வாசகத்தை நம்பி, குடும்பத்தில் ஒருவர் வைத்தியர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறார், அவருடைய உடல்நிலை மோசமாகிறது என்று ஒருவர் முறையிட்டிருக்கிறார். மற்ற முறைப்பாடுகளும் அந்த வாசகத்தைப் பற்றியவையே. தம்பி அதைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லையே மிஸ் என்றார். எல்லாம் இருந்தது. அதை ரஷீது நானா வந்து காட்டினார்.

அதற்கிடையில் ரஷீது நானாவின் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிற மனிதரை நாங்கள் அலைக்கழிக்கிறோமாம்.

“ஒரு சின்ன விசயத்தப் புடிச்சு ஏன் மிஸ் இழுக்கிறீங்க? மாப்புக் கேக்க வாறவர ஆர் விரட்டுவாங்க?”

“உங்கட மகள் ஒரு முறைப்பாடு குடுத்திருந்தா, அவட பேர நான் குடுக்கவா?” என்று கேட்டேன். அவர் தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார். எங்கள் மேலதிகாரியும் கூப்பிட்டு, பிரச்சினையை வளர்க்காமல் ஏதாவது செய்து முடிக்க முடியாதா என்று கேட்டார். முடிக்கிற வழி அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்படி வருகிற யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. உங்களை வளைக்க வருகிறவர்களில் நல்ல எண்ணக்காரர்கள்தான் அதிகம், அவர்களிடம்தான் நீங்கள் அதிகம் களைத்துப் போவீர்கள்.

பதிலைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். சோறு தந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுபடியும் ஒரு போத்தலோடுதான் வந்தார். உட்கார்ந்து, பதிலை எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாக வாசித்தார்.

“கலப்படம் எண்டு ஒண்டும் இல்லயே இதுல?”

“இல்ல நானா.”

“சீனிப்பாணி கலந்த தேன் எண்டு ஆரும் சொல்லல்லயா?”

“ஒருத்தரும் சொல்லல்ல.”

அவர் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேன் விற்கிறவரை ஊர் எப்போதும் எதற்குச் சந்தேகிக்கிறதோ, அதற்குத்தான் தன்னையும் குற்றம் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். செய்யாத பிழைக்கு மாப்புக் கேட்க அலைந்திருக்கிறார். பிறகு திரும்பவும் கடிதத்தைப் பார்த்தார்.

“குளுசைய நிப்பாட்டினதா? நான் ஒருத்தர்ட்டயும் குளுசைய நிப்பாட்டச் சொல்லல்லயே தங்கச்சி.”

அவர் எனக்கென்று கொண்டுவந்த போத்தலை நான் எடுத்து, லேபல் அவர் பக்கம் திரும்பும்படி வைத்தேன். “வாசிங்க நானா.”

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பச்சை எழுத்தில் பொடிப்பொடியாக இருந்தது. ‘சீனி வருத்தத்துக்கு நிரந்தரத் தீர்வு. இனி மாத்திரை தேவையில்லை.’ ஒரு தடவை வாசித்துவிட்டு இரண்டாம் தடவையும் வாசித்தார்.

“இது அச்சுக்கூடத்துப் பொடியன் போட்டது. எல்லாப் போத்தல்லயும் இப்பிடித்தான் போடுற எண்டு சொன்னான். அடிக்கிறதுக்கு முந்தி என்ட்டக் காட்டினான். டெலிபோன் நம்பர் சரியா எண்டு மட்டும்தான் நான் பாத்தன்.”

அவர் பொய் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வியாபாரிகள் எத்தனை பேர் அப்படித்தான். நம்பர் பிழைத்தால் ஓடர் வராது, அதனால் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மற்ற எழுத்தெல்லாம் அலங்காரம்.

“இத எத்தனை வீட்டுல வெச்சுக் குடிக்கிறாங்களோ. எங்களுக்கு வந்து சொன்னவங்கள மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்” என்றேன்.

“அப்ப நான் ஆர்ட்டப் போய் மாப்புக் கேப்பன்?”

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. அவளுடைய வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு சொல், மருந்தைக் குடி என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள் நானா. சொல்லிவிட்டால் ஒரு கால் பிழைக்கலாம். சொல்லிவிட்டால், அது ஏன் சொல்லப்பட்டது என்று ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் கால்காரருக்குத் தெரிந்து, அந்தக் காலும் போகலாம். பெயரைச் சொல்லிராதீங்க என்றுதான் அவள் கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றால் மேன்முறையீடு செய்யலாம் என்று, சொல்ல வேண்டிய முறைப்படி சொன்னேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை போத்தலை மறக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

பிறகு பல நாள் எனக்கு ஒரு செய்தியும் இல்லை. மேன்முறையீடும் வரவில்லை. லேபல் சம்பந்தமாகச் சட்டப்படி நடக்க வேண்டியது வேறு பிரிவில் தன்பாட்டில் நடந்தது. ரஷீது நானா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் செய்தது சரிதானா என்று தொழுது முடித்து உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் யோசிப்பேன். சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி இந்த வேலையில் உடனே கிடைக்காது. சில வேளை கிடைக்கவே கிடைக்காது. எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்.

ஒருநாள் காலை அவள் எங்கள் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கணவரைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். அவர் இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் இருந்த இடைவெளியில் என்னிடம் ஓடி வந்திருந்தாள். கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். கால் தப்பிவிட்டது என்று வைத்தியர் சொன்னாராம். நின்றபடியே, வாசலைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

புறப்படுவதற்கு முன் ரஷீது நானா தன்னுடைய போத்தல் விற்ற ஊர்ப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் போயிருக்கிறார். அவளுடைய ஊருக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்திருக்கிறார். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மைக் கேட்டு வாங்கி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மன்னியுங்கள் என்று எல்லா ஹாஜிமாரும் கேட்கிற வழமையான மாப்பைக் கேட்டிருக்கிறார். சனம் எழும்பத் தொடங்க, இருங்க, இன்னம் ஒண்டு இருக்கு என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார். பள்ளியின் வெளி ஒலிபெருக்கியில் அவள் குசினியில் நின்றபடி கேட்டிருக்கிறாள்.

“நான் தேன் யாவாரி. டொக்டர் இல்ல. என்ட போத்தல்ல எழுதியிருந்தது பிழை, நான் அத வாசிச்சுப் பார்க்காம வித்துட்டன், ஆரோ முறைப்பாடு குடுத்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. அத நம்பி குளுசைய நிப்பாட்டின ஆராவது இதுல இருந்தா, அல்லாஹ்வுக்காக இண்டைக்கே திரும்ப எடுங்க. நீங்க எடுத்தாத்தான் எனக்கு மாப்புக் கிடைச்ச மாதிரி.”

அவள் அடுப்பைப் பார்த்தபடி ஆமீன் என்றாளாம்.

கணவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சோறு வேண்டாம் என்றார். கட்டிலில் உட்கார்ந்து காலைப் பார்த்தார். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாராம்.

“அந்தக் கிளினிக் குளுசை ஏதும் மிச்சம் மீதி கிடக்கா?”

அவள் அலுமாரியைத் திறந்தாள். மாதா மாதம் எடுத்து வந்தது அத்தனையும் அங்கே இருந்தது. பழையதை விட்டுவிட்டுக் கடைசியாக வந்ததைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் மாத்திரை உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவனோ ஒருத்தன் போய் முறைப்பாடு குடுத்திருக்கான். அதுலதான் ரஷீது நானாவுக்கே விசயம் தெரிஞ்சிருக்கு. ஆரெண்டு தெரியல்ல, ஆனா அவன்தான் ஆம்பிள.”

“ஓம்” என்றுவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போனாளாம்.